பொண்டாட்டின்னு பொய் எழுதி பாலிசி எடுக்காதீங்க

கேள்வி:

அண்ணே வணக்கம். பாம்பன் தீவுல கருவாட்டு யாவாரம் பண்றேன், வயசு 41. கட்டுன புருஷன் 12 வருஷத்துக்கு முன்னாடி என்னையும் மகளையும் விட்டுட்டு திருப்பூர் பக்கம் போயிட்டாரு, அங்க அவருக்கு வேற குடும்பம் இருக்கு, கோர்ட்டுல விவாகரத்துன்னு ஒண்ணும் வாங்கல. ஒம்பது வருஷமா இன்னொருத்தரோட இருக்கேன். அவருக்கு 52 வயசு, விசைப்படகு டிரைவர், மனைவி தவறிட்டாங்க, 17 வயசுல ஒரு மகன். போன மாசம் நெஞ்சு வலின்னு மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேத்தோம், ரெண்டு நாள் வச்சிருந்து பயப்பட ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. ஆனா அந்த ரெண்டு நாளும் "நீங்க யாரு, சொந்தக்காரங்க வரட்டும்"னு என்னைய வராண்டாவுலயே நிக்க வச்சாங்க. 60 ஆயிரத்துக்கு மேல கைக்காசு போச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் சேத்து இன்சூரன்ஸ் போடலாம்னு போனா, கல்யாண சர்டிபிகேட் இல்லாம முடியாதுங்கறாங்க. இன்னொரு ஏஜென்ட்டு, மனைவின்னு எழுதிரலாம் யாரும் பாக்க மாட்டாங்கங்கறாரு. என்ன செய்யட்டும்?

பதில்:

தங்கச்சி, அந்த ரெண்டாவது ஏஜென்ட்டு சொன்னத மட்டும் கேக்காதீங்க, மத்தத எல்லாம் சரி பண்ணிக்கலாம்.

ஏன் சொல்றேன்னா பாலிசி போடும்போது யாரும் பாக்க மாட்டாங்கங்கறது பாதி உண்மை, பிரீமியம் வாங்கும்போது பாக்க மாட்டாங்க, ஆனா நாளைக்கு அவரு ஆஸ்பத்திரியில படுத்து மூணு லட்ச ரூபா பில்லு வந்து நீங்க கிளெய்ம் போடும்போது கம்பெனி ஆள் வந்து ஆதார் கேப்பாரு, ரேஷன் கார்டு கேப்பாரு, உங்க கார்டுல வேற ஒருத்தர் பேரு புருஷன்னு இருக்கும், அவரு கார்டுல தவறிப்போன மனைவி பேரு இருக்கும், அவ்வளவுதான், பொய் சொல்லி எடுத்த பாலிசின்னு கிளெய்ம தள்ளிட்டு பாலிசியையே ரத்து பண்ணிருவாங்க. 2024ல இருந்து ஒரு விதி இருக்கு, தொடர்ந்து அஞ்சு வருஷம் பிரீமியம் கட்டிட்டா அப்புறம் பழைய வியாதிய மறைச்சேன்னு சொல்லி கம்பெனி கிளெய்ம மறுக்க முடியாது, ஆனா மோசடின்னு நிரூபிச்சா அந்த அஞ்சு வருஷக் காப்பும் கிடையாது. வருஷா வருஷம் காச கட்டிட்டு கடைசியில வெறுங்கையோட நிக்கறத நான் பாத்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு கண்டிப்பா சொல்றேன்.

முதல்ல போன இடத்துல சொன்னது என்னன்னா, குடும்ப ஃப்ளோட்டர் பாலிசியில, அதாவது வீட்டுல எல்லாருக்கும் சேத்து ஒரே தொகைக்கு எடுக்கிற பாலிசியில, 'குடும்பம்'னா சட்டப்படி கட்டுன கணவன் மனைவி, பிள்ளைங்க, அப்பா அம்மா, மாமனார் மாமியார், இவ்வளவுதான் பெரும்பாலும் எழுதிருப்பாங்க. அரசு சொல்லி எல்லா கம்பெனியும் விக்கிற ஆரோக்கிய சஞ்சீவனியிலயும் இதேதான். சில தனியார் கம்பெனிங்க கூட வாழ்ற துணையையும் சேத்துக்கிற மாதிரி இப்ப எழுத ஆரம்பிச்சிருக்காங்க, அது வாய் வார்த்தையா இருந்தா நம்பாதீங்க, பாலிசி புத்தகத்துல குடும்பம்னா யார் யாருன்னு போட்டிருக்க பக்கத்த காட்டச் சொல்லுங்க, அதுல இருந்தாத்தான் உண்டு.

ஆனா தங்கச்சி, உங்களுக்கு ஒரே பாலிசிதான் வேணுமா? நான் 19 வருஷமா இந்தக் கரையில தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் இந்த இன்சூரன்ஸ் வேலை பாக்கறேன், என் மனசார சொல்றேன், உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு தனித்தனி பாலிசிதான் நல்லது. அவரு பேர்ல ஒண்ணு, அதுல அவரும் மகனும். உங்க பேர்ல ஒண்ணு, அதுல நீங்களும் மகளும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும்னு ஃப்ளோட்டர் போட முடியும், சம்பாதிக்காத பிள்ளைய 25 வயசு வரைக்கும் சேத்துக்கலாம். இதுல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன உறவுன்னு கம்பெனிக்கு நீங்க பதில் சொல்லவே வேண்டாம், பொய்யும் வேண்டாம், சர்டிபிகேட்டும் வேண்டாம். அவரோட வயசுக்கும் நெஞ்சு வலிக்கும் ஏத்தி வைக்கிற பிரீமியத்த உங்க தலையில கட்டவும் மாட்டாங்க. நாளைக்கு ஏதோ மனஸ்தாபத்துல பிரிஞ்சாலும், அப்படி வேண்டாம், ஆனா வந்தாலும், உங்க பாலிசி உங்களோடயே இருக்கும், இத்தன வருஷம் காத்திருந்த காத்திருப்புக் காலம், அதாவது சில வியாதிக்கு கம்பெனி காசு குடுக்காத ஆரம்ப வருஷங்க, வீணாப் போகாது. ஒருத்தர் பேர்ல இருக்க பாலிசிக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்த பொண்ணுங்க வெளிய வந்ததும் 45 வயசுல மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறத நிறைய பாத்துட்டேன்.

பணம் அவரு குடுத்தாலும் உங்க பாலிசிக்கு பிரீமியம் உங்க பேர்ல இருக்க அக்கவுண்ட்ல இருந்தே போகட்டும். போன வருஷம், 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது, முன்னாடி 18 சதவீதம் இருந்துச்சு, 10,000 ரூபா பிரீமியத்துக்கு 11,800 கட்டினோம், இப்ப அந்த 1,800 இல்ல. யாராவது இன்னும் ஜிஎஸ்டி சேத்து கேட்டா குடுக்காதீங்க.

அவரு விஷயத்துல ஒண்ண மறைக்கவே கூடாது, அந்த நெஞ்சு வலி. பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரேன்னு ஃபார்ம்ல 'இல்ல'ன்னு டிக் பண்ணிராதீங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் படுத்த பதிவு இருக்கு, சுகர் பிபி இருந்தா அதையும் எழுதுங்க. எழுதினா என்ன ஆகும், பிரீமியம் கொஞ்சம் கூடலாம், இதயம் சம்பந்தப்பட்டதுக்கு காத்திருப்புக் காலம் வைக்கலாம், ஆனா அது 3 வருஷத்துக்கு மேல போகக் கூடாதுன்னு 2024ல கொண்டுவந்துட்டாங்க, முன்னாடி 4 வருஷமா இருந்துச்சு. ஒரு கம்பெனி மறுத்தா இன்னொரு கம்பெனியில கேளுங்க, அதுக்காக பொய் எழுதாதீங்க. பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் டைம் இருக்கு, படிச்சுப் பாத்து பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துரலாம், அந்த 30 நாளுக்குள்ள பிளஸ் டூ படிக்கிற மகன உக்கார வச்சு படிக்கச் சொல்லுங்க, குறிப்பா ரூம் வாடகை. ஆரோக்கிய சஞ்சீவனியில அஞ்சு லட்சத்துக்கு போட்டாலும் ரூம் வாடகை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 5,000தான், அதுக்கு மேல ரூம் எடுத்தா ரூம் காசு மட்டுமில்ல மத்த பில்லுலயும் வெட்டு விழும், போக ஒவ்வொரு கிளெய்ம்லயும் 5 சதவீதம் நம்ம கை. இது தெரியாம ஏசி ரூம் கேட்டு வாங்கிட்டு அப்புறம் அழறவங்க அதிகம்.

சரி, காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி இலவசமா கிடைக்கிறத பாப்போம், ஏன்னா அவருக்கு இப்பவே நெஞ்சுல ஏதாவதுன்னா தனியார் பாலிசி காத்திருப்புக் காலத்துல கை கழுவிரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல பழைய வியாதின்னு தள்ளி வைக்கிறது கிடையாது. குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரைக்கும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும். அந்தத் திட்டமும் குடும்பம்னா ரேஷன் கார்டுல இருக்க கணவன் மனைவி பிள்ளைங்க, அண்டியிருக்க அப்பா அம்மான்னுதான் பாக்கும், ஆனா உங்களுக்கு அது தடையே இல்ல, உங்களுக்கு ஒரு கார்டு அவருக்கு ஒரு கார்டு, ரெண்டும் ரெண்டு குடும்பம், தனித்தனியா பதிஞ்சா ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி அஞ்சு லட்சம். இதுக்காக ரெண்டு கார்டையும் ஒண்ணாக்கப் போறேன்னு கிளம்பிராதீங்க. இ-சேவையில வருமானச் சான்று வாங்கிக்கிட்டு, ரேஷன் கார்டு, கார்டுல இருக்க எல்லார் ஆதாரும் எடுத்துக்கிட்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்க காப்பீட்டு மையத்துக்குப் போங்க, படகு இறங்காத நாளாப் பாத்து அவரையும் கூட்டிட்டுப் போங்க. 61 நாள் தடைக்காலம் இதுக்கெல்லாம் நல்ல நேரம், மத்த மாசத்துல கடலுக்குப் போயிட்டு வந்து தூங்கற மனுசன எங்க பிடிக்கிறது.

உங்க கார்டுல ஓடிப்போன புருஷன் பேரு இன்னும் இருக்கான்னு எழுதல. இருந்தா வட்ட வழங்கல் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து எடுத்துட்டு நீங்க குடும்பத் தலைவியா மாறிக்கங்க. இல்லன்னா நாளைக்கு வருமானச் சான்றுக்கே அவரு சம்பளம் என்னன்னு கேப்பாங்க.

இன்னொரு ரெண்டு திட்டம் பேங்க்லயே இருக்கு, வருஷம் 20 ரூபாய்க்கு பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா, விபத்துல இறந்தா 2 லட்சம், 18ல இருந்து 70 வயசு வரைக்கும். 436 ரூபாய்க்கு ஜீவன் ஜோதி, எப்படி இறந்தாலும் 2 லட்சம், ஆனா அதுல சேர 50 வயசுக்குள்ள இருக்கணும், அதனால உங்களுக்கு கிடைக்கும் அவருக்கு கிடைக்காது. மீன்வளத்துறை மூலமா மீனவருக்கு ஒரு குழு விபத்துக் காப்பீடு இருக்கு, இறந்தாலோ முழுசா ஊனமானாலோ 5 லட்சம், பாதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், விபத்துல ஆஸ்பத்திரி செலவுக்கு 25,000, பிரீமியத்த அரசே கட்டுது. அவரு பேரு அதுல இருக்கான்னு சங்கத்துல கேளுங்க, இருந்தா நாமினி யாருன்னும் கேளுங்க.

இந்த நாமினி விஷயத்துல எங்க வீட்டுலயே ஒரு அநியாயம் நடந்துச்சு. எங்க பெரியப்பா நம்புதாளையில இருந்தவரு, கடைசி இருபது வருஷம் அவரோட இருந்த பொம்பளைய நாங்க எல்லாரும் பெரியம்மான்னுதான் கூப்பிட்டோம், அவருக்கு கஞ்சி காச்சி ஊத்துனது அவங்கதான், மூத்திரம் அள்ளுனது அவங்கதான். அவரு போனதுக்கப்புறம் பாத்தா பாலிசியில வாலிப வயசுல எழுதின நாமினி, அவரோட தம்பி. பணம் முழுக்க அங்க போச்சு, பெரியம்மாவுக்கு அந்த வருஷ சேலைக்குக் கூட ஒருத்தரும் காசு குடுக்கல. பெரியப்பா கெட்டவர் இல்ல, அந்தத் தாள மாத்தணும்னு அவருக்கு யாரும் சொல்லல. நான் இந்த வேலைக்கு வந்ததே அதுக்கப்புறம்தான்.

அதனால எல்லா பாலிசியிலயும் பேங்க் அக்கவுண்ட்லயும் இப்ப யாரு நாமினின்னு ரெண்டு பேரும் பாருங்க. நாமினியா ரத்த சொந்தம்தான் இருக்கணும்னு கட்டாயமில்ல. பேங்க் அக்கவுண்ட்டுக்கு 2025 நவம்பர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம், அவரு அக்கவுண்ட்ல மகனுக்கு பாதி உங்களுக்கு பாதின்னு பிரிச்சு எழுதலாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, நாமினிங்கறவர் காச வாங்கி வைக்கிறவர்தான், வாரிசு கேட்டு வந்தா குடுக்க வேண்டி வரும். ஆயுள் பாலிசியில அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைங்கள நாமினியா போட்டாத்தான் காசு அவங்களுக்கே சொந்தம், நீங்க அந்தக் கணக்குல வர மாட்டீங்க. அதனால ரெண்டு பேரும் ஆளுக்கொரு உயில் எழுதிருங்க, ரெண்டு சாட்சி போதும், சாட்சி கையெழுத்து போடுறவருக்கு அதுல பங்கு இருக்கக் கூடாது, பதிவு பண்ணா இன்னும் பலம்.

இப்ப அந்த வராண்டா. அத படிச்சதும் எனக்கு பெரியம்மா ஞாபகம்தான் வந்துச்சு. தங்கச்சி, நோயாளி சுயநினைவோட இருந்தா அவரோட கையெழுத்துதான் கையெழுத்து, அண்ணன் தம்பி வந்து போட வேண்டியதில்ல, இத சுப்ரீம் கோர்ட்டு 2008லயே சமீரா கோலி வழக்குல தெளிவா சொல்லிருச்சு, அந்த வழக்குல பெத்த தாய் குடுத்த சம்மதமே வயசு வந்த மகளுக்கு செல்லாதுன்னுட்டாங்க. உயிருக்கு ஆபத்துன்னா யார் சம்மதத்துக்கும் காத்திருக்காம டாக்டர் வைத்தியம் பாக்கலாம். அதனால அடுத்த தடவ போனா அவரையே சொல்லச் சொல்லுங்க, "என் கூட இருக்கறது இவங்க, எதுவா இருந்தாலும் இவங்ககிட்ட சொல்லுங்க"ன்னு அட்மிஷன் ஃபார்ம்ல அவரு கையாலயே எழுதிக் குடுக்கட்டும்.

நினைவு இல்லாம போற நிலைமைக்கும் ஒரு தாள் இருக்கு. தீவிர நிலைமையில என்ன வைத்தியம் வேணும் என்ன வேண்டாம், தன் சார்பா முடிவு சொல்ல யாருன்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறது, சுப்ரீம் கோர்ட்டு 2018ல அனுமதிச்சு, 2023 ஜனவரியில நடைமுறைய சுலபமாக்கிட்டாங்க, ரெண்டு சாட்சி முன்னாடி எழுதி நோட்டரியோ கெசட்டட் ஆபீசரோ கையெழுத்து போட்டா போதும். மனநல வைத்தியம்னா 2017 சட்டப்படி வெள்ளைத்தாள்ல எழுதி யாரை வேணும்னாலும் பிரதிநிதியா வைக்கலாம், சொந்தமா இருக்கணும்னு இல்ல. இதோட உங்க ரெண்டு பேர் ஆதார் ஜெராக்ஸ், பாலிசி நம்பர், காப்பீட்டு அட்டை எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க. கேஷ்லெஸ், அதாவது நம்ம கைக்காசு கட்டாம கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டுறது, கேட்டா கம்பெனி ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும், டிஸ்சார்ஜ் அன்னைக்கு மூணு மணி நேரத்துல முடிக்கணும்னு விதி, இன்சூரன்ஸ் டெஸ்க்குல 'உறவு'ன்னு கேட்டா 'கூட வசிப்பவர்'னு எழுதுங்க, அது உண்மை, அதுக்கு வெக்கப்பட ஒண்ணுமில்ல. நியாயமான கிளெய்ம தள்ளினா முதல்ல கம்பெனிக்கு எழுதுங்க, 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா சென்னையில இருக்க, இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேனுக்கு போகலாம், காசு கிடையாது, வக்கீல் வேண்டாம்.

நீங்க கேக்காத ஒண்ண சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. விவாகரத்த முடிச்சிருங்க. கூட வாழ்றது குத்தமில்ல, கள்ளத்தொடர்பு குத்தம்னு இருந்த பழைய சட்டப்பிரிவ 2018ல சுப்ரீம் கோர்ட்டு ரத்து பண்ணிருச்சு, யாராவது போலீஸ்ல சொல்லுவேன்னு மிரட்டினா பயப்படாதீங்க. ஆனா கோயம்புத்தூர் பக்கத்து வேலுசாமி பச்சையம்மாள் வழக்குல 2010ல கோர்ட்டு சொன்னது, கல்யாணம் மாதிரியான உறவுன்னு சட்டம் ஏத்துக்கணும்னா ரெண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்க தகுதியோட இருக்கணும்னு. உங்க பழைய கல்யாணம் சட்டப்படி உயிரோட இருக்க வரைக்கும் நீங்க அந்தக் கணக்குல வரல. அதவிட பெரிய விஷயம், நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா, நீங்க வெயில்ல கருவாடு காயப்போட்டு சேத்த காசுல 12 வருஷமா எட்டிப் பாக்காத அந்த மனுசனும் உங்க மகளோட சேந்து வாரிசா வந்து நிப்பாரு. நீங்க எந்த மதம்னு எழுதல, இந்துவா இருந்தாலும் கிறிஸ்தவரா இருந்தாலும் ரெண்டு வருஷம் கைவிட்டதே விவாகரத்துக்கு காரணம், முஸ்லிமா இருந்தா 1939 சட்டப்படி ரெண்டு வருஷம் பராமரிக்காம விட்டதே காரணம். பொண்ணுங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, ராமநாதபுரம் கோர்ட்டுல இருக்க மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல போய் கேளுங்க, 15100க்கு போன் பண்ணாலும் சொல்லுவாங்க. அப்புறம் அவர கட்டிக்கிறதும் கட்டாம இருக்கறதும் உங்க ரெண்டு பேர் இஷ்டம், இன்சூரன்ஸுக்காக கட்டிக்கங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

இத படிக்கிற மத்தவங்களுக்கும் சேத்து ஒண்ணு. கீழக்கரை பக்கம் சேந்து வாழ்ற ரெண்டு பொண்ணுங்க இதே கேள்விய எங்கிட்ட நேர்ல கேட்டாங்க. அவங்களுக்கும் வழி இதேதான், ஆளுக்கொரு பாலிசி, அதுல அவங்க அவங்க நாமினி. ஒரே பாலினத்தவர் கல்யாணத்த சுப்ரீம் கோர்ட்டு 2023 அக்டோபர்ல ஏத்துக்கல, ஆனா சேந்து பேங்க் அக்கவுண்ட் தொடங்கவும் துணைய நாமினியா போடவும் தடையில்லன்னு 2024 ஆகஸ்ட் 28ல நிதி அமைச்சகம் எழுத்துலயே சொல்லிருச்சு, ரேஷன் கார்டுக்கு ஒரே வீட்டுக்காரங்களா எடுத்துக்கணும்னு மாநிலங்களுக்கும் கடிதம் போயிருக்கு. 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட்டு, கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியில்ல, தானா தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான்னு சொல்லிருக்கு. திருநங்கைய கல்யாணம் பண்ணவங்க நிலைமை இன்னும் பலம், 2019ல மதுரை கிளை தூத்துக்குடி ஜோடி வழக்குல இந்து திருமணச் சட்டப்படி அது செல்லும்னு தீர்ப்பு குடுத்துச்சு, பதிவு பண்ணிட்டா ஃப்ளோட்டர்ல மனைவியாவே சேத்துக்கலாம், மறுத்தா அந்தத் தீர்ப்ப காட்டுங்க.

உங்களுக்கு வர்றேன் தங்கச்சி. இந்த வாரம் வருமானச் சான்றுக்கு எழுதிப் போடுங்க, அது வர்றதுக்குள்ள பேங்க்ல அந்த 20 ரூபா பாலிசிய ரெண்டு பேரும் போட்டுருங்க. மதுரையில குடுத்த ஈசிஜி, எக்கோ, டிஸ்சார்ஜ் தாள் எல்லாத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினல பத்திரமா வைங்க, ஈசிஜி தாள் வெயில் பட்டா எழுத்து மங்கிரும், கருவாட்டுக் கொட்டகையில வைக்காதீங்க.